இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 - ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்நாட்டின் தென்கோடியில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த கிறித்தவ சமயப் பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகள் சமசுகிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனியொரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவான இலக்கண ஒப்பீட்டின் மூலம் நிறுவினார். திராவிட மொழிக் குடும்பம் என்னும் பெயர் இவரது நூலின் வழியே நிலைபெற்றது. தென்னிந்திய திருச்சபையினர் இவரைக் கால்டுவெல் ஐயர் என்றும் பேராயர் கால்டுவெல் என்றும் அழைப்பர்.

பிறப்பும் குடும்பப் பின்னணியும்

கால்டுவெல் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள ஆன்ட்ரிம் கவுண்டியில், கிளேடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஏழைகள், பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஸ்காட்லாந்தினர்.

அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் வாழ்வதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் அல்ஸ்டர் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியவர்களுக்கு வழங்கப்பட்டன. ஆன்ட்ரிம் கடற்கரையிலிருந்து ஸ்காட்லாந்து குறுகிய கடல் தொலைவிலேயே இருப்பதால், அரசின் குடியேற்றத் திட்டத்திற்கு வெளியேயும் போக்குவரத்து தொடர்ந்து நடந்தது. இவ்வாறு குடியேறியோரின் வழிவந்தவர்கள் அல்ஸ்டர் ஸ்காட்டுகள் எனப்படுகின்றனர். இவர்களுள் அமெரிக்காவுக்குச் சென்றோரின் சந்ததியினர் ஸ்காட்-ஐரிஷ் எனப்படுகின்றனர். கால்டுவெல் என்னும் குடும்பப் பெயரே ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது.

இத்தகைய எளிய குடும்பங்களின் முன்னோரைக் கண்டறிவது கடினம். பிரெஸ்பிட்டேரியன் சபைகள் பலவற்றின் திருமுழுக்குப் பதிவேடுகள் 1819 க்குப் பின்னரே தொடங்குகின்றன. அயர்லாந்தில் அனைவருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1864 இல்தான் நடைமுறைக்கு வந்தது. கால்டுவெல்லின் ஏழாம் வயதில், 1821 இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு டப்ளின் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 1922 இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது அக்காப்பகம் தீக்கிரையானதில் அக்கணக்கின் பெரும்பகுதி அழிந்தது. எனவே ஆய்வாளர்கள் 1660 களின் அடுப்பு வரிப் பட்டியல், ஆளி பயிரிட்டோருக்கு நூற்பு இராட்டை வழங்கிய 1796 ஆம் ஆண்டுப் பட்டியல், 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரி ஏடுகள் போன்ற வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்ட ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவுக்கு வருகின்றனர். கால்டுவெல்லின் இளமைக் காலம் குறித்த செய்திகள் பெரும்பாலும் அவரே எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளிலிருந்து பெறப்படுகின்றன. அவரது மருமகன் ஜே. எல். வயட் அவற்றைத் தொகுத்து 1894 இல் வெளியிட்டார்.

கல்வி

கால்டுவெல் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்ததால், நூல்களைத் தாமே தேடிப் படித்தார். பதினைந்து வயதில் அயர்லாந்துக்குத் திரும்பி, டப்ளினில் தம் தமையனுடன் தங்கி 1829 முதல் 1833 வரை ஓவியக் கலை பயின்றார். பின்னர் சமய ஈடுபாடு மிகுந்து ஓவியத்தைக் கைவிட்டுக் கிளாஸ்கோவுக்குத் திரும்பினார். லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார்.

ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் பயில்வதற்கான உதவித்தொகை ஒன்று இவருக்குக் கிடைத்தது. ஆனால் இவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்பது தெரியவந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் ஸ்காட்லாந்தினர், வளர்ந்தது ஸ்காட்லாந்தில் என்பவை கருத்தில் கொள்ளப்படவில்லை.

கிளாஸ்கோவில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்ஃபோர்டு என்பவரின் வகுப்புகள் இவருக்கு ஒப்பியல் மொழிநூலில் ஆர்வத்தை ஊட்டின. 1786 இல் வில்லியம் ஜோன்ஸ் சமசுகிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றிற்கு இடையேயான உறவைச் சுட்டிக்காட்டியதிலிருந்து இத்துறை ஐரோப்பாவில் வேகமாக வளர்ந்து வந்தது. ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் பாப் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கான தம் ஒப்பிலக்கணத்தை 1833 முதல் வெளியிட்டு வந்தார். கால்டுவெல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

இந்தியா வருகை

ஜனவரி 8, 1838 அன்று, தம் 23 ஆம் வயதில், கால்டுவெல் சென்னை வந்து சேர்ந்தார். அவர் வந்த கப்பலில், விடுப்பு முடிந்து இந்தியா திரும்பிக் கொண்டிருந்த தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌன் உடன் பயணம் செய்தார். சென்னையில் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களுள் ஒருவரான துரு என்பவரின் உதவியுடன் தமிழ் கற்றார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் சென்னையில் பணியாற்றிய பின், லண்டன் மிஷனரி சங்கத்திலிருந்து விலகி ஆங்கிலிக்கன் திருச்சபையில் இணைந்து, எஸ்.பி.ஜி. மிஷனின் பணியாளராகத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார்.

1841 இல் சென்னையிலிருந்து அவர் கால்நடையாகவே புறப்பட்டார். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாக நீலகிரியை அடைந்து, உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். அங்கிருந்து கோயம்புத்தூர், மதுரை வழியாகத் திருநெல்வேலி சென்றார். மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் நேரில் அறிந்துகொள்ள இப்பயணம் உதவியது.

இடையன்குடியில் பணி

1841 இன் இறுதியில் கால்டுவெல் இடையன்குடியை அடைந்தார். இது இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகே, தேரி எனப்படும் செம்மணல் நிலப்பகுதியில் அமைந்த ஊராகும். பனைத் தொழிலே மக்களின் முதன்மைத் தொழிலாக இருந்தது. கால்டுவெல் ஊரில் நேரான தெருக்களை அமைத்தார், பள்ளிகளை நிறுவினார், கிணறுகள் தோண்டச் செய்தார். 1847 இல் தொடங்கப்பட்ட தூய திரித்துவ ஆலயம் 33 ஆண்டுகளுக்குப் பின்னர் 1880 இல் நிறைவுற்றது.

1844 இல் எலைசா மால்ட் என்பவரை மணந்தார். எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் ஆகியோரின் மகள் ஆவார். தமிழ் பேசும் சூழலில் வளர்ந்த இவர், இடையன்குடியில் பெண்களுக்கான பள்ளியையும் பின்னல் தொழில் பயிற்சியையும் நடத்தினார். இவர்களுக்கு ஏழு குழந்தைகள்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்

பின்னணி: 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்புரூக், வில்லியம் கேரி முதலிய ஐரோப்பிய அறிஞர்கள் தென்னிந்திய மொழிகளையும் சமசுகிருதத்தின் வழிவந்தவையாகவே கருதினர். இக்கருத்தை முதலில் மறுத்தவர் சென்னையில் வருவாய்த்துறை அதிகாரியாக இருந்த எல்லிஸ் ஆவார். 1816 இல் கேம்பெல் என்பவர் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்புரையில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை வேர்ச்சொற்களைக் கொண்டு எல்லிஸ் காட்டினார். அவர் 1819 இல் காலமானதால் அப்பணி தொடரவில்லை.

கால்டுவெல் இடையன்குடியில் தொகுத்த குறிப்புகளைக் கொண்டு, விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது 1856 இல் லண்டனில் திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875 இல் வெளிவந்தது.

பெயர்: அதுவரை இக்குடும்பம் முழுவதையும் தமிழ் மொழிகள் எனக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. தமிழ் என்பது ஒரு தனி மொழியின் பெயராக மட்டும் இருப்பதே தெளிவு தரும் என்று கருதிய கால்டுவெல், குடும்பத்தைக் குறிக்க வேறு சொல் தேடினார். குமாரில பட்டர் முதலிய சமசுகிருத ஆசிரியர்கள் தென்னாட்டு மொழிகளைக் குறிக்கக் கையாண்ட திராவிடம் என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

முறை: ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து எத்தனைச் சொற்களை வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். தெலுங்கிலும் மலையாளத்திலும் சமசுகிருதச் சொற்கள் ஏராளமாக இருப்பதால் மட்டும் அவை சமசுகிருதத்தின் பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை. எளிதில் கடன் வாங்கப்படாத பகுதிகளாகிய எண்ணுப்பெயர்கள், மூவிடப்பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள் ஆகியவற்றையே ஒப்பிட வேண்டும் என்பது இவரது அணுகுமுறை. எடுத்துக்காட்டாகச் சில சொற்களைக் கீழே காணலாம்.

தமிழ்: நான், இரண்டு, மூன்று, நான்கு
மலையாளம்: ஞான், ரண்டு, மூன்னு, நாலு
கன்னடம்: நானு, எரடு, மூரு, நால்கு
தெலுங்கு: நேனு, ரெண்டு, மூடு, நாலுகு
சமசுகிருதம்: அஹம், த்வி, த்ரி, சதுர்

சொற்களைத் தவிர இலக்கண அமைப்பிலும் பொதுக்கூறுகளை இவர் எடுத்துக்காட்டினார். பெயருக்குப் பின்னே உருபு சேர்தல், பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறாமை, கேட்போரை உள்ளடக்கும் நாம் என்பதும் விலக்கும் நாங்கள் என்பதும் வேறுவேறாக இருத்தல், உயர்திணை அஃறிணைப் பாகுபாடு, எதிர்மறை வினை வடிவங்கள், பெயரெச்சம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மொழிகளின் எண்ணிக்கை: இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை இக்குடும்பத்தில் சேர்த்தார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோத்தா, கோண்டி, கூ, ஓரான், ராஜ்மகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் என்றும் வகைப்படுத்தினார். இப்பாகுபாடு இன்றைய மொழியியலில் ஏற்கப்படுவதில்லை. ஆயினும் எழுத்தும் ஏடும் இல்லாத மலைவாழ் மக்களின் பேச்சும் தமிழுக்குச் சமமான சான்று என இவர் எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் திராவிடக் கூறு இருப்பதை இவர் சுட்டிக்காட்டினார். அம்மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் உறுதி செய்யப்பட்டது.

பழஞ்சான்றுகளின் பற்றாக்குறை

கால்டுவெல் எழுதிய காலத்தில் சங்க இலக்கியங்களின் பெரும்பகுதி அச்சேறவில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887 இலும், உ. வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889 இலும், புறநானூற்றுப் பதிப்பு கால்டுவெல் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து 1894 இலும் வெளிவந்தன. மாங்குளம் குகைக் கல்வெட்டு 1882 இல் கண்டறியப்பட்டாலும், இத்தகைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் தமிழே என்பது 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயரின் ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

ஆகவே கால்டுவெல் பிற நாட்டு ஆவணங்களில் தற்செயலாகப் பதிந்துபோன திராவிடச் சொற்களைத் தேடினார். எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் துகி என்னும் சொல்லைத் தமிழின் தோகையுடனும், கிரேக்கத்தில் அரிசியைக் குறிக்கும் ஒரிசா என்னும் சொல்லைத் தமிழின் அரிசியுடனும் தொடர்புபடுத்தினார். அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சோழ, பாண்டிய, கேரளப் பெயர்களையும், தாலமி, பெரிப்ளூஸ் ஆகிய கிரேக்க நூல்களில் உள்ள ஊர்ப் பெயர்களையும் சான்றாகக் கொண்டார். இவற்றுள் சில சொல்லாய்வுகள் பின்னாளில் விவாதத்திற்கு உள்ளாயின.

திருத்தப்பட்ட கருத்துகள்

கால்டுவெல்லின் முடிவுகள் அனைத்தும் நிலைத்துவிடவில்லை. திராவிட மொழிகள் சித்திய மொழிகள் எனப்பட்ட துருக்கி, பின்னிஷ் முதலியவற்றோடு உறவுடையவை என்று இவர் கருதினார். இது பிற்கால மொழியியலாளரால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தை இவர் மிகவும் பிற்படுத்திக் கணித்தார். திருக்குறளின் காலத்தைக்கூடக் கி.பி. 10 ஆம் நூற்றாண்டுக்கு முன் என்ற அளவிலேயே வரையறுத்தார். சங்க நூல்களும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் வெளிவந்த பின் இக்கணிப்பு கைவிடப்பட்டது. மறுபுறம், இலக்கண ஒப்பீட்டின் வழி இவர் நிறுவிய குடும்ப உறவு மாறாமல் நிலைத்தது. பர்ரோ, எமனோ ஆகியோர் 1961 இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும், பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003 இல் வெளியிட்ட திராவிட மொழிகள் குறித்த நூலும் அதே அடித்தளத்தின் மீது எழுந்தவை.

திராவிட மொழிக் குடும்பத்தைக் கண்டறிந்தவர் கால்டுவெல் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் தாமஸ் டிரவுட்மன் 2006 இல் வெளியிட்ட நூல், எல்லிஸின் முன்னோடிப் பங்கை விரிவாக எடுத்துரைத்தது. எனவே கண்டறிந்தவர் எல்லிஸ் என்றும் முழுமையாக நிறுவியவர் கால்டுவெல் என்றும் கூறுவதே பொருத்தமாகும்.

நாடார் சமூகம் பற்றிய நூலும் எதிர்ப்பும்

ஒப்பிலக்கணத்திற்கு முன்பே, 1849 இல், திருநெல்வேலிச் சாணார்கள் என்னும் பொருள்படும் ஆங்கில நூல் ஒன்றைக் கால்டுவெல் சென்னையில் வெளியிட்டிருந்தார். இன்று நாடார் என வழங்கும் சமூகத்தைப் பற்றிய இந்நூலில், அவர்கள் இலங்கையின் வடபகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று செவிவழிச் செய்திகளைக் கொண்டு எழுதினார். அவர்களது அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்வாகச் சித்தரித்தார். ஐரோப்பாவில் சமயப் பணிக்கு ஆதரவு திரட்டும் நோக்கமும் இந்நூலுக்கு இருந்தது.

இந்நூலின் செய்திகள் அச்சமூகத்தினருக்குத் தெரியவந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் சட்டாம்பிள்ளை ஆவார். இவர் ஐரோப்பியப் பணியாளர்களின் ஆதிக்கத்தை மறுத்து, 1857 இல் இந்துக் கிறித்தவ சபை எனப்படும் தனிச் சபையைத் தொடங்கினார். நாடார் சமூகத்தின் தோற்றத்தையும் பழம்பெருமையையும் விளக்கும் நூல்களும் துண்டறிக்கைகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. இழிவாகக் கருதப்பட்ட பழைய பெயரை நீக்கி, நாடார் என்னும் பெயரை அரசு 1921 இல் அலுவல்முறையில் ஏற்றது.

ஒப்பிலக்கணத்தில் ஒவ்வொரு உறவையும் பல மொழிச் சான்றுகளால் சோதித்துப் பார்த்த கால்டுவெல், இந்நூலில் வாழும் மக்களின் தோற்றத்தை அத்தகைய சோதனையின்றி எழுதியதே அதன் குறைபாடு எனலாம்.

வரலாற்று ஆய்வுகள்

கால்டுவெல் 1881 இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பழங்காலம் முதல் 1801 இல் இப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது வரையிலான செய்திகளை இது கூறுகிறது. பாளையக்காரர் போர்கள் குறித்துக் கம்பெனி ஆவணங்களை ஆராய்ந்து எழுதிய பகுதிகள் இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகின்றன.

தாமிரபரணி ஆற்று முகத்துவாரப் பகுதியில் உள்ள கொற்கை, பழைய காயல் ஆகிய ஊர்களிலும் இவர் அகழ்ந்து ஆராய்ந்தார். கிரேக்க நூல்களில் முத்துக்குளிக்கும் துறையாகக் குறிப்பிடப்படும் கொல்கோய் என்பது கொற்கையே என்றும், மார்க்கோ போலோ குறிப்பிடும் காயில் என்பது காயலே என்றும் எழுதினார். ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்கியதே கொற்கை உள்நாட்டு ஊராக மாறியதற்குக் காரணம் என விளக்கினார். காயலில் சீன, அரபு மட்பாண்டத் துண்டுகள் பரவிக் கிடப்பதைப் பதிவு செய்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69 இலும் பின்னர் 2021 இலும் கொற்கையில் அகழாய்வு நடத்தியது.

இறுதிக் காலம்

மார்ச் 11, 1877 அன்று கொல்கத்தாவில் கால்டுவெல்லும் எட்வர்டு சார்ஜென்ட் என்பவரும் சென்னைப் பேராயருக்கு உதவிப் பேராயர்களாக அருட்பொழிவு செய்யப்பட்டனர். அதே காலத்தில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணிகளில் ஈடுபட்டார். 1883 இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். அங்கு இவர் பெயரால் கல்லூரி ஒன்று நடைபெற்றது. கால்டுவெல் மேல்நிலைப் பள்ளி இன்றும் இயங்கி வருகிறது.

உடல்நலம் குன்றியதால் 1891 ஜனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கொடைக்கானலில் தங்கினார். அங்கேயே ஆகஸ்ட் 28, 1891 அன்று தம் 77 ஆம் வயதில் காலமானார். இவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திற்குள் அடக்கம் செய்யப்பட்டது. எலைசா 1899 இல் காலமானார்.

தாக்கமும் நினைவுச் சின்னங்களும்

ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பை வயட், தி. இராமகிருஷ்ண பிள்ளை ஆகியோர் திருத்தி 1913 இல் வெளியிட்டனர். இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்புகள் சில அதில் நீக்கப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் இந்நூலின் முடிவுகளைத் தம் கருத்துகளுக்கு அடிப்படையாகக் கொண்டன. இதனால் மொழியியல் வட்டத்திற்கு வெளியேயும் கால்டுவெல் பரவலாக அறியப்பட்டார்.

ரா. பி. சேதுப்பிள்ளை கால்டுவெல் ஐயர் சரிதம் என்னும் நூலை எழுதினார். வின்சென்ட் குமாரதாஸ் எழுதிய விரிவான ஆங்கில வாழ்க்கை வரலாறு 2007 இல் வெளிவந்தது.

1968 இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை வைக்கப்பட்டது. இந்திய அஞ்சல் துறை 2010 இல் இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இடையன்குடியில் இவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாடு அரசு 2011 இல் நினைவில்லமாக்கியது.